கோழியும் என் கட்டைவிரலும்

சென்ற டிசம்பர் குளிரில் ஒரு நள்ளிரவு, கால் கட்டைவிரல் நெருப்பாய்க் காந்தியது. போர்வை பட்டாலே உயிர் போயிற்று. 'கவுட்' என்றார் டாக்டர். ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 9 மில்லிகிராம். 6.8-ஐத் தாண்டினால் ஊசி ஊசியாய் மூட்டில் படியுமாம்; நாங்கள் பார்க்காத படிவமா, நீராவி என்ஜின் பாய்லரில்! மாத்திரையால் 6-க்குள் வைக்க வேண்டும்.

வெங்கீஸ் தலைமையகம் உள்ள பூனாவில் கோழியை விடுவதா? விட வேண்டாம், அளவோடு போதும் என்றார். சளிக்கு நல்லதென்று நான் தினமும் குடித்த சூப்தான் வினை. கறியிலுள்ள ப்யூரின் வேகும்போது நீரில் இறங்கிவிடுகிறது. அதுவே உடம்பில் யூரிக் அமிலமாகிறது. ஈரலில் இன்னும் அதிகம்.

இப்போது வாரம் இருமுறை, நாலு சிறு துண்டு. வலியுள்ள நாட்களில் அதுவும் இல்லை. வேகவைத்த தண்ணீரைக் கொட்டும்போதுதான் மனைவிக்கு இன்னும் மனசு ஆறவில்லை.