நிலத்தின் விலையும் மத்தியஸ்தர் தீர்ப்பும்

சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் இடையே பண விஷயமாகத் தகராறு நேருமாயின், அது முதலில் பதிவாளரிடம் செல்லும் என்பதையும், அவர் தாமே தீர்க்கலாம் அல்லது மத்தியஸ்தரிடம் ஒப்படைக்கலாம் என்பதையும் நம் அங்கத்தினர் அறிவர். 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. இதனைக் கண்டு, சொத்தின் மதிப்பைப் பற்றிய எல்லாத் தகராறுகளையும் இவ்வாறே தீர்த்துக்கொள்ளலாம் என்று சிலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பாதி சரி, பாதி தவறு.

முதலில் வரியை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கோ தறிக்கூடத்துக்கோ விதிக்கப்பட்ட சொத்து வரி மிகையென்று தோன்றினால், அதற்கு மத்தியஸ்தம் கிடையாது. வரி விதித்தல் அரசாட்சியின் அதிகாரத்தைச் சேர்ந்தது. சட்டம் குறித்த கெடுவுக்குள் அந்த ஸ்தல ஸ்தாபனத்தினிடமே மனுச் செய்து, பின்னர் மேல்முறையீடு செய்தல் வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் ராஜ்யத்தில் 2005 முதல் வரி மதிப்பீட்டையும் மத்தியஸ்தரிடம் கொண்டுசெல்ல வழியுண்டு. நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு இல்லை.

ஆனால், தேசிய நெடுஞ்சாலைக்காக நிலம் எடுக்கப்படும்போது நிலைமை வேறு. சேலத்திலிருந்து நாமக்கல், பரமத்தி வேலூர் வழியாகச் செல்லும் 44-ஆம் எண் சாலையும், சங்ககிரி, குமாரபாளையம் வழியாகச் செல்லும் 544-ஆம் எண் சாலையும் நம் விளைநிலங்களை ஒட்டியே போகின்றன. இத்தகைய சாலைகளுக்கு நிலம் எடுப்பது 1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி. அதற்குரிய அதிகாரி முதலில் தொகையை நிர்ணயிப்பார். அத்தொகை நிலத்துக்குரியவருக்குச் சம்மதமில்லையெனில், 3ஜி(5) பிரிவின்படி மத்திய சர்க்கார் நியமித்த மத்தியஸ்தரிடம் மனுச் செய்யலாம். பெரும்பாலும் ஜில்லா கலெக்டரே மத்தியஸ்தராக இருப்பார்.

மத்தியஸ்தர் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, நிலத்தை எடுக்கும் கருத்தை வெளியிட்ட அறிவிப்பு நாளன்று நிலவிய சந்தை விலை. அதன் பிறகு ஏறிய விலை கணக்கில் வராது. இரண்டாவது, நிலம் துண்டாடப்படுவதால் நேரும் நஷ்டம். மூன்றாவது, மிஞ்சிய சொத்துக்கும் வருமானத்துக்கும் விளையும் கேடு. நான்காவது, குடியிருப்பையோ தொழில் செய்யும் இடத்தையோ மாற்ற நேர்ந்தால் அதற்காகும் நியாயமான செலவு. மரவள்ளித் தோட்டத்தின் நடுவே சாலை போய், கிணறு ஒருபுறமும் பயிர் மறுபுறமுமாக நின்றால், அது இரண்டாவது வகையைச் சாரும். தறிகளைப் பெயர்த்து வேறிடத்தில் நாட்டும் செலவு நான்காவது வகை. நிலத்தின் விலையை மட்டும் கேட்டு இவற்றைக் கேளாது விடுவோர் பலர்.

மேலும், 1-1-2015 முதல் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் நஷ்டஈட்டு விதிகள் இதற்கும் பொருந்தும். அதன்படி ஆறுதல் தொகை 100 சதவிகிதம். மத்தியஸ்தர் உயர்த்திய தொகைக்கு, நிலத்தை வசப்படுத்திய நாள் முதல் 9 சதவிகித வட்டியும் வழங்கலாம்.

இனி மிக முக்கியமான விஷயம். தமிழகத்தில் எழுந்த ஹக்கீம் வழக்கில், சதுர மீட்டருக்கு ரூ. 46.55 முதல் ரூ. 83.15 வரையே கொடுக்கப்பட்டிருந்தது. முத்திரைத் தீர்வைக்கான வழிகாட்டி மதிப்பையே ஆதாரமாகக் கொண்டு, அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களைப் பாராததே காரணம். ஜில்லா நீதிமன்றம் அதை ரூ. 645 ஆக உயர்த்தியது. 20-7-2021-இல் சுப்ரீம் கோர்ட்டு, மத்தியஸ்தர் தீர்ப்பை நீதிமன்றம் ரத்துச் செய்யலாமேயன்றித் தொகையை மாற்றலாகாது என்று விதித்தது. எனினும் நியாயத்தை முன்னிட்டு, உயர்த்திய தொகையில் தலையிடவில்லை. 30-4-2025-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, கணக்குப் பிழையைத் திருத்துதல் போன்ற சில சந்தர்ப்பங்களில் மட்டும் மாற்றலாம் எனப் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது.

இதிலிருந்து தெளிவாவது யாது? விலையை நிரூபிக்க வேண்டிய இடம் மத்தியஸ்தரின் சந்நிதியே. பின்னர் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று சாட்சியங்களை நிறுத்திவைப்பவர் நஷ்டமடைவர்.

ஆகவே, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்று, அறிவிப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அண்டை நிலங்கள் விற்ற பத்திரங்களின் நகல்களைச் சேகரிக்க வேண்டும். பட்டா, அடங்கல், கிணறு, மரங்களின் விவரம் ஆகியவற்றையும் இணைக்க வேண்டும். முத்திரைச் செலவை மிச்சப்படுத்தக் கிரயத்தைக் குறைத்து எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. அன்று மிஞ்சிய சில ஆயிரம், நிலம் எடுக்கப்படும் நாளில் பல லட்சமாக ஊரார் அனைவரின் கையையும் விட்டுப் போகும். ஏனெனில் அப்பத்திரமே எதிர்த்தரப்புக்குச் சாட்சியாகிறது.

வருமானத்தை நிரூபிக்கச் சங்கக் கணக்கைவிடச் சிறந்த ஆதாரம் அரிது. நெசவாளருக்கு நூல் வழங்கிக் கூலி கொடுத்த பதிவேடும், திருச்செங்கோடு விற்பனைச் சங்கம் போன்ற இடங்களில் மஞ்சளோ பருத்தியோ விற்ற பட்டியலும் மறுக்கவொண்ணாதவை. அங்கத்தினர் கேட்டவுடன் அவற்றின் நகல்களைக் கொடுத்துதவுவது காரியதரிசிகளின் கடமையாகும். சங்கத்துக்கு வெளியே ரொக்கமாக விற்றவர் கையில் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இராது.