கேட்டவரைத் தேடிச் செல்லும் ஆய்வு

இதழியல், காட்சித் தொடர்பியல், வெகுமக்கள் தொடர்பியல் முதலிய துறைகளில் இளநிலைப் பட்டம் பயிலும் மாணவர்கள், இறுதியாண்டில் தாமே ஒரு பொருளைத் தேர்ந்து, ஆராய்ந்து, ஆய்வேடாக அளிக்கும் முறை பல கல்லூரிகளில் உள்ளது. இதனைத் தனிநிலை ஆய்வு எனலாம். நெறியாளர் ஒருவர் வழிகாட்டுவார். ஆயினும் வினாவை எழுப்புவதும் விடையைத் தேடுவதும் மாணவரின் பொறுப்பே ஆகும். குறும்படம் எடுப்பதும் இதழ் வடிவமைப்பதும் இத்துறையினர் விரும்பிச் செய்யும் பணிகள். அவை சொல்பவரின் கலைகள். ஆய்வோ கேட்பவரிடமிருந்து தொடங்குகிறது. ஒரு செய்தி யாரைச் சென்றடைந்தது, சென்றடைந்தபின் என்ன ஆயிற்று என்னும் வினாக்களுக்கு அச்செய்தியைச் சொன்னவரிடம் விடை இராது. கேட்டவரைத் தேடித்தான் செல்ல வேண்டும்.

பட்டப்படிப்பு முடியாத ஒருவர் செய்யும் ஆய்வுக்கு மதிப்பு உண்டா என்னும் ஐயம் எழலாம். அதற்கு விடைகூறத் தமிழகத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது.

மாணவர் எழுதிய ஊர்கள்

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கில்பர்ட் சிலேட்டர். அவர் ஒரு வினாநிரலை வகுத்துத் தம் மாணவர்களிடம் அளித்து, அவரவர் அறிந்த ஊரை ஆராய்ந்து வருமாறு பணித்தார். நிலம் யாரிடம் உள்ளது, கூலி என்ன, கடன் எவ்வளவு, என்ன உண்கிறார்கள் என்று மாணவர்கள் விடுமுறையில் வீடுவீடாகக் கேட்டு எழுதினர். தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடார்க்காட்டின் தூசி, தஞ்சையின் பாலக்குறிச்சி, நெல்லையின் கங்கைகொண்டான், இராமநாதபுரத்தின் வடமலைபுரம் ஆகிய ஊர்கள் இவ்வாறு ஏட்டில் ஏறின. 1918இல் அவை நூலாக வெளிவந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் பி.ஜே. தாமஸ், கே.சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தபோது, முன்பு எப்படி இருந்தது என்பதற்குச் சான்றாக நின்றவை அம்மாணவர்களின் குறிப்புகளே. அதன் பின்னரும் அறிஞர்கள் அவ்வூர்களைத் தேடிச் சென்றுள்ளனர்.

அது பொருளியல் ஆய்வு, தொடர்பியல் ஆய்வன்று. எனினும், அம்மாணவர்களிடம் இருந்த மூலதனம் இன்றைய தொடர்பியல் மாணவரிடமும் உள்ளது. ஊரின் பேச்சு அவர்களுக்குப் புரிந்தது. கதவைத் தட்டினால் திறந்தார்கள். வெளியூரிலிருந்து வரும் பேராசிரியருக்கு எளிதில் வாய்க்காத பேறு அது. 'எங்கள் ஊரில் ஆராய என்ன இருக்கிறது?' என்று கேட்கும் மாணவர், தம் கையிலிருக்கும் பொருளின் விலை அறியாதவர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

தருமபுரியில் காத்திருக்கும் ஒரு வினா

செய்தியை மக்களிடம் கொண்டு சேர்ப்பதில் தருமபுரி நெடிய மரபுடைய மாவட்டம். ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் பெயரைக் கல்லில் வெட்டி, வழிப்போக்கரும் அறிய நிறுத்திய நடுகற்கள் இங்கு மிகுதி. அவற்றுட் பல தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன. பாரதக் கதையை இரவெல்லாம் ஆடும் தெருக்கூத்தும் இம்மண்ணுக்கு உரியது. மறுபுறம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டமும் இதுவே. அச்சிட்ட துண்டறிக்கை சென்று சேராத வீட்டிற்குப் பாட்டும் கூத்தும் சென்று சேரும் என்று எவரும் எண்ணக்கூடிய நிலப்பகுதி இது.

அவ்வாறு எண்ணித்தான் 1990களின் இறுதியில் இங்கு ஒரு முயற்சி மேற்கொள்ளப்பட்டது. பெண் குழந்தைகள் பிறந்த சில நாள்களிலேயே உயிரிழக்கச் செய்யப்படும் கொடுமை அந்நாளில் இம்மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலவியது. அதனை எதிர்த்து, டென்மார்க் அரசின் உதவியுடன் நடைபெற்ற நலவாழ்வுத் திட்டத்தின் துணையோடு, கலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்று பாடலும் நாடகமும் நிகழ்த்தின. 'கலைப்பயணம்' என்பது அதன் பெயர். அறிவொளி இயக்கம் எழுத்தறிவுக்காகக் கையாண்ட வடிவமே இங்குப் பெண் மகவின் உயிருக்காகக் கையாளப்பட்டது. இம்முயற்சியைப் பற்றிப் பொருளியல் அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆட்சிப்பணி அலுவலர் ஷீலா ராணி சுங்கத்தும் 2000ஆம் ஆண்டில் 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் எழுதிய கட்டுரை, 1997 முதல் 1999 வரையிலான காலத்தில் இத்தகைய இறப்புகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன எனக் கூறுகிறது.

இங்கேதான் ஆய்வு மாணவரின் வேலை தொடங்குகிறது. இறப்புகள் குறைந்தன, நாடகமும் நடந்தது. நாடகத்தால்தான் குறைந்தனவா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்ப்போம். இன்றைய தருமபுரி மாவட்டத்தின் எல்லைக்குள் ஆறு அகவை வரையுள்ள குழந்தைகளில் 1000 ஆண்களுக்கு 2001இல் 826 பெண்களே இருந்தனர். 2011இல் அவ்வெண் 913 ஆயிற்று. அதே காலத்தில் மாநிலச் சராசரி 942இலிருந்து 943ஆக, ஏறத்தாழ அசையாமல் நின்றது. தருமபுரியில் ஏதோ நிகழ்ந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், நாடகம் மட்டுமா நிகழ்ந்தது? சேலத்தில் 1992இல் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கும் விரிவாக்கப்பட்டது. கருவிலிருக்கும் குழந்தையின் பாலினத்தை அறிவிப்பதைத் தடுக்கும் சட்டம் 1994இலேயே இயற்றப்பட்டிருந்தது. கிராமச் சுகாதாரச் செவிலியர் கருவுற்ற தாய்மாரைத் தொடர்ந்து சென்று பார்த்தனர். சாலைகளும் பள்ளிகளும் பெருகின. இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. வேறோர் ஐயமும் உண்டு. கண்டிப்பு மிகும்போது குற்றம் குறையலாம். குற்றத்தை மறைப்பதும் மிகலாம்.

எண்களிலும் ஒரு பொறி இருக்கிறது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய அறிக்கைகளில் 'தருமபுரி' என வருவது இரு மாவட்டங்களையும் சேர்த்தே குறிக்கும். இதனை அறியாது பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் ஆய்வு முழுவதும் சாய்ந்துவிடும்.

வினாவைச் சுருக்குதல்

'கலைப்பயணம் சிசுக்கொலையை ஒழித்ததா?' என்பது மூன்றாமாண்டு மாணவர் ஆறு மாதங்களில் விடை காணத்தக்க வினா அன்று. பெரிய நிறுவனமும் தடுமாறும் வினா. அதனை உடைத்துத் தம் கைக்கு அடங்குமாறு ஆக்கிக்கொள்வதே தனிநிலை ஆய்வின் முதல் திறன். எடுத்துக்காட்டாக, 'கலைப்பயணம் நடந்த ஊரில் அன்று பார்த்தவர்கள் இன்று எதை நினைவில் வைத்திருக்கிறார்கள்? பார்த்தபின் அதனைப் பற்றி யாரிடம் பேசினார்கள்?' என்று கேட்கலாம். பென்னாகரம் வட்டத்தில் ஓர் ஊர், அரூர் வட்டத்தில் ஓர் ஊர் என இரண்டு ஊர்கள் போதும்.

'யாரிடம் பேசினார்கள்?' என்பதை ஏன் சேர்க்க வேண்டும்? பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 1940ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தலின்போது ஒகையோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில் வாக்காளர்களைப் பல மாதங்கள் தொடர்ந்து சந்தித்து ஆராய்ந்தனர். வானொலியும் செய்தித்தாளும் மக்களின் மனத்தை நேரே மாற்றிவிடும் என்று பலரும் நம்பிய காலம் அது. ஆனால், வாக்காளர்கள் முடிவெடுப்பதில் ஊடகத்தைவிடத் தமக்கு அறிமுகமானவரின் சொல்லே மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்ததை அவர்கள் கண்டனர். ஊடகத்திலிருந்து கருத்துத் தலைவருக்கும், அவரிடமிருந்து பிறருக்கும் செய்தி செல்வதால் இதனை இருபடி ஓட்டம் என்றனர். தருமபுரியின் ஊர்களில் அக்கருத்துத் தலைவர் யாராக இருந்திருப்பார்? ஊர்க்கவுண்டரா, சத்துணவு அமைப்பாளரா, பேறு பார்க்கும் மூதாட்டியா, மாமியாரா? நாடகம் மருமகளிடம் பேசியிருக்கலாம்; முடிவெடுத்தவர் மாமியாராக இருந்திருக்கலாம். இருவரும் ஒரே நாடகத்தைப் பார்த்து ஒன்றையே கேட்டார்களா என்பதே ஒரு நல்ல ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள்.

ஒப்பீடும் வேண்டும். 1956இல் பம்பாய் மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களில் 150 ஊர்களில் நடத்தப்பெற்ற வானொலி உழவர் மன்ற ஆய்வு இதற்கு நல்ல பாடம். பூனா வானொலி உழவர்க்கான நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. சில ஊர்களில் மக்கள் குழுவாக அமர்ந்து கேட்டு விவாதித்தனர். சில ஊர்களில் வானொலி இருந்தும் மன்றம் இல்லை. சில ஊர்களில் வானொலியே இல்லை. ஆய்வை வழிநடத்திய பால் நியூராத், நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் மக்களின் அறிவை அளந்து இவ்வூர்களை ஒப்பிட்டார். மன்றம் இருந்த ஊர்களில் அறிவு வியக்கத்தக்க அளவு உயர்ந்தது. வானொலி மட்டும் இருந்த ஊர்களில் உயர்வு மிகக் குறைவே. மன்றம் இல்லாத ஊர்களையும் அவர் பாராமல் இருந்திருந்தால், இப்பெருமை முழுவதும் வானொலிப் பெட்டிக்கே போய்ச் சேர்ந்திருக்கும்! நம் மாணவரும் கலைக்குழு வந்த ஊரோடு வாராத ஊரையும் சேர்த்துப் பார்ப்பது நன்று.

கேட்கக் கூடாத கேள்வி

இத்தகைய பொருளில் ஆய்வுமுறையைவிட ஆய்வு அறமே கடினமானது. 'உங்கள் வீட்டில் அவ்வாறு நடந்ததா?' என்னும் கேள்வியை மாணவர் எவரிடமும் கேட்கலாகாது. விடை 'ஆம்' எனில், அவர் ஒரு குற்றத்தின் சாட்சி ஆகிறார்; விடை சொன்ன பெண்ணோ, முப்பது ஆண்டுகள் மூடிவைத்த துயரை ஓர் இளைஞரின் மதிப்பெண்ணுக்காகத் திறந்தவள் ஆகிறாள். நாடகத்தைப் பற்றிக் கேட்கலாம். பாட்டைப் பற்றிக் கேட்கலாம். ஊர் என்ன பேசிக்கொண்டது என்று கேட்கலாம். நேர்காணலுக்கு முன்பே ஆய்வின் நோக்கத்தைச் சொல்லி இசைவு பெறுதல், வேண்டாம் எனில் எழுந்து வந்துவிடுதல், ஆய்வேட்டில் மக்களின் பெயரையும் சாதியையும் சிற்றூரின் பெயரையும் மறைத்தல் ஆகியன கட்டாயம். முன்னர்ச் செய்தி இதழ்கள் இக்கொடுமையை வெளிக்கொணர்ந்தபோது, சில வட்டாரங்களின் பெயர்களே பழிச்சொற்களாக மாறின. 1986இல் 'இந்தியா டுடே' இதழ் உசிலம்பட்டிப் பகுதியைப் பற்றி எழுதியதன் பின் அவ்வூர்ப் பெயர் பெற்ற பொருளை நாம் அறிவோம்.

நேர்காணலுக்குத் தயங்கும் மாணவருக்கு ஏடுகள் உள்ளன. 1997 முதல் 2001 வரை இரண்டு தமிழ் நாளிதழ்களில் இப்பொருள் பற்றி வந்த செய்திகளைத் திரட்டி, ஒவ்வொன்றிலும் பேசுபவர் யார் என்று வகைப்படுத்தலாம். அமைச்சர், ஆட்சியர், மருத்துவர், காவலர் எனப் பிரித்து எண்ணினால், தாய்மார் எத்தனை செய்திகளில் வாய்திறக்கின்றனர் என்பது தெரியவரும். இதற்கு உள்ளடக்கப் பகுப்பாய்வு என்று பெயர். ஒரே செய்தியை இருவர் தனித்தனியே வகைப்படுத்தி, இருவர் முடிவும் ஒத்துவருகிறதா எனச் சரிபார்த்தல் இம்முறையின் இன்றியமையாத விதி. ஒருவரே செய்தால் தாம் காண விரும்பியதையே காண்பார்.

இன்னும் சிறிய வினா ஒன்றும் உண்டு; அதுவே மிக ஆழமானது என்பது என் எண்ணம். ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் இவ்விறப்புகள் 'சமூகக் காரணங்களால் நேர்ந்தவை' எனக் குறிக்கப்பட்டன. கொலை என்று எழுதினால் காவல்துறை வரும். நோய் என்று எழுதினால் உண்மை மறையும். இரண்டுக்கும் இடையே நின்ற அச்சொல்லால்தான் இறப்புகளை எண்ண முடிந்தது. எண்ண முடிந்ததால்தான் கலைப்பயணமே பிறந்தது. அச்சொல்லைக் கிராமச் செவிலியர் எவ்வாறு பயன்படுத்தினர், ஒரு குழந்தையின் இறப்பை எதனைக் கண்டு அவ்வகையில் சேர்த்தனர், எப்போது சேர்க்காமல் விட்டனர் என்பதை ஒரு மாணவர் அவர்களிடமே கேட்டு எழுதலாம். அன்று அப்பதிவேடுகளை எழுதிய செவிலியருள் பலர் பணி ஓய்வு பெற்றுவிட்டனர். எஞ்சியோரும் ஓய்வை நெருங்குகின்றனர்.