கிரீன் கார்டு வந்தது. வைத்தியச் சீட்டு எங்கே?

பெண்ணுக்கு அமெரிக்காவில் வரன் அமைந்தால் நம் வீடுகளில் எத்தனை விசாரணை நடக்கிறது! பிள்ளைக்குச் சம்பளம் என்ன, வீடு சொந்தமா வாடகையா, நாத்தனார் எத்தனை பேர், குளிர் எப்படி, அரிசி பருப்பு கிடைக்குமா என்று ஒன்று விடாமல் கேட்டு விடுகிறோம். கம்பளிச் சட்டையும் ஊறுகாய் ஜாடியும் மறக்காமல் பெட்டியில் ஏறி விடுகின்றன. ஒரே ஒரு கேள்வியை மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. "எங்கள் பெண் அங்கே போய் இறங்கின மறுநாள் காய்ச்சலாகப் படுத்தால், டாக்டர் பில்லை யார் கொடுப்பார்கள்?"

"நல்ல காரியம் நடக்கும்போது இது என்ன அபசகுனமான பேச்சு?" என்று பாட்டி கோபித்துக் கொள்ளலாம். ஆனால் சகோதரிகளே, அமெரிக்காவில் சில சமயம் வியாதியைவிட பில்தான் ஆளைப் படுக்க வைக்கிறது. நம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியைப் போல, வரிசையில் நின்று சீட்டு வாங்கி இலவசமாக வைத்தியம் செய்துகொள்ளும் ஏற்பாடு அங்கே எல்லோருக்கும் பொதுவாகக் கிடையாது. இன்ஷ்யூரன்ஸ் கார்டு கையில் இருக்க வேண்டும். கல்யாணம் அந்த நாட்டில் குடியிருக்கும் உரிமையைத்தான் வாங்கித் தருகிறது. வைத்திய உரிமையைத் தனியாகத்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

ஐந்து வருஷக் கதவு

கணவர் மனைவியை வரவழைக்கும்போது அமெரிக்க சர்க்காருக்கு ஓர் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். "இவளை நான் பராமரிப்பேன், சர்க்காருக்குப் பாரமாக விடமாட்டேன்" என்பது அதன் சாரம். அவருடைய வருமானம், அந்த நாட்டு வறுமைக் கோட்டைப்போல் பொதுவாக ஒன்றேகால் மடங்காவது இருக்க வேண்டும். இந்தப் பத்திரம் விளையாட்டல்ல. விவாகரத்து ஆனாலும் அது செல்லும். மனைவி பிரஜையாகும் வரையிலோ, சுமார் பத்து வருஷ வேலைக் கணக்கு சேரும் வரையிலோ கணவரை அது கட்டுப்படுத்தும்.

அடுத்தது இரண்டு பெயர்கள்: மெடிகேர், மெடிகெயிட். கேட்டால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இரண்டும் 1965-ல் ஒரே சட்டத்தில் பிறந்தவைதான். குணம் மட்டும் வேறு. மெடிகேர் முக்கியமாக 65 வயதானவர்களுக்கு. மெடிகெயிட் வருமானம் குறைந்தவர்களுக்கு. புதிதாகக் குடியேறிய இளம் மனைவிக்கு மெடிகேர் பெரும்பாலும் பொருந்தாது. மெடிகெயிட்டோ, 1996-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, கிரீன் கார்டு கிடைத்து ஐந்து வருஷம் ஆன பிறகுதான் பொதுவாகக் கிடைக்கும். அதற்கு முன் கணவரின் வேலை விசாவை ஒட்டி எச்-4 விசாவில் கழித்த வருஷங்கள் இந்தக் கணக்கில் சேரா. கணவர் அமெரிக்கப் பிரஜையாக இருந்தால் ஓர் ஆறுதல். அவரோடு சேர்ந்து வாழும் மனைவி, கிரீன் கார்டு பெற்ற மூன்று வருஷத்திலேயே பிரஜா உரிமை கேட்கலாம். அது கிடைத்தால் ஐந்து வருஷத் தடையும் தீர்ந்தது.

இந்தக் கதவுக்குச் சில இடுக்குகளும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டாம் என்று தள்ளிவிட, 2009-ம் வருஷத்துச் சட்டம் மாநிலங்களுக்கு அனுமதி தந்தது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் கர்ப்பிணிகள் விஷயத்தில் அப்படியே செய்திருக்கின்றன. நியூயார்க்கில் 2001-ல் வந்த ஒரு தீர்ப்பினால், மாநிலமே தன் பணத்திலிருந்து இவர்களுக்கு மெடிகெயிட் கொடுக்கிறது. ஆகையால் "அமெரிக்காவில் எப்படி?" என்று கேட்டால் போதாது. "எந்த மாநிலத்தில்?" என்று கேட்க வேண்டும். கிரீன் கார்டு பெற்ற தாய்க்கு அங்கே பிறக்கும் குழந்தை பிறக்கும்போதே பிரஜை. அதற்கு ஐந்து வருஷப் பேச்சே இல்லை.

முப்பது நாள், அறுபது நாள்

பெரும்பாலான நம் பெண்களுக்குக் கணவரின் கம்பெனி இன்ஷ்யூரன்ஸ்தான் முதல் வழி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புது மனைவியைச் சேர்க்கக் கம்பெனி குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது சட்டம். அந்த 30 நாளை மாங்கல்யதாரணம் ஆன தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். விமானம் இறங்கிய தேதியிலிருந்து அல்ல. ஆவணியில் கல்யாணம் ஆகி, அடுத்த ஆனியில் விசா கிடைக்கிறவள் என்ன செய்வாள்? வந்து சேர்ந்த பின் சேர்த்துக் கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. வருஷாந்தரப் பதிவுக் காலம் வரை காத்திருக்கச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு. மாப்பிள்ளை தம் ஆபீஸில் இதை முன்கூட்டியே விசாரித்து, எழுத்து மூலமாகப் பதில் வாங்கி வைப்பது உத்தமம்.

கம்பெனி வழி இல்லையென்றால் சர்க்கார் நடத்தும் இன்ஷ்யூரன்ஸ் சந்தை இருக்கிறது. ஒபாமா காலத்தில், 2010-ல் இயற்றிய சட்டத்தின்படி 2014 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் சேர ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் 60 நாளுக்குள் சேரலாம். பழைய வியாதியைக் காட்டித் தள்ளக் கூடாது. பிரசவச் செலவையும் ஏற்க வேண்டும். வருமானத்தைப் பொறுத்து சர்க்கார் சந்தாவில் ஒரு பங்கைக் கொடுக்கவும் செய்யும். ஆனால் தம்பதிகள் வரிக் கணக்கைச் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். கணவரின் கம்பெனி கட்டுப்படியாகும் சந்தாவில் மனைவியைச் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் இந்த உதவி கிடையாது. 2026 முதல், குடும்ப வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் புதிதாகக் குடியேறியவருக்கு இந்த உதவி இல்லை என்று சட்டம் மாறியிருக்கிறது.

பொதுவாக, தேர்ந்தெடுத்த மறுமாதம் முதல் தேதியில்தான் இன்ஷ்யூரன்ஸ் ஆரம்பமாகும். மூன்றாம் தேதி இறங்கி, பத்தாம் தேதி பதிந்தால் நடுவே ஏறக்குறைய நாலு வாரம் வெறும் கைதான். அந்த இடைவெளிக்குப் பிரயாண இன்ஷ்யூரன்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு போவது நல்லது. ஆனால் அது கர்ப்ப காலச் செலவையும் பழைய வியாதியையும் பெரும்பாலும் ஏற்காது. கர்ப்பிணிப் பெண்ணை அனுப்புகிறவர்கள் இதை இரண்டு தரம் படிக்க வேண்டும்.

இன்ஷ்யூரன்ஸ் இல்லாத சமயத்தில் ஆபத்து வந்தால்? 1986-ம் வருஷத்துச் சட்டப்படி, அவசரப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிகள் அநேகமாக எல்லாமே, வந்தவரைப் பரிசோதித்து நிலைமை சீராகும் வரை சிகிச்சை செய்தாக வேண்டும். பிரசவ வலி எடுத்தவளையும் திருப்பி அனுப்ப முடியாது. பணம் இல்லையே என்று வீட்டிலேயே கிடக்காதீர்கள். பில் பின்னால் வரும் என்பது நிஜம். வருமானம் குறைந்தவர்களுக்கு அவசர மெடிகெயிட் அதை ஏற்கக்கூடும்.

வேறு தேசங்கள்

எல்லா நாடும் அமெரிக்காவைப் போல் அல்ல. ஈழத் தமிழர் திரளாக வாழும் டொராண்டோ, கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. அங்கே முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் எடுக்கப்பட்டது. அதே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், வந்த மாதத்தின் மிச்ச நாட்களோடு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பிரிட்டனிலோ விசா மனுவோடு வருஷத்துக்கு 1,035 பவுன் வைத்தியக் கட்டணம் கட்டவேண்டும் என்று 2024 பிப்ரவரியில் ஏற்பட்டது. கட்டிவிட்டால், அங்கே குடியிருப்பவர்களைப் போலவே சர்க்கார் வைத்தியம் கிடைக்கும்.

கார்டு யார் கையில்?

கடைசியாக, சொல்லச் சங்கடமான ஒரு விஷயம். மனைவியின் இன்ஷ்யூரன்ஸ் கணவரின் வேலையோடு கட்டுண்டது. அவர் வேலை போனாலும், குடும்பத்தில் பிளவு வந்தாலும், வைத்தியமும் நின்றுவிடும் என்ற பயத்திலேயே எத்தனையோ அவமானங்களைச் சகித்துக்கொண்டு இருக்கிற பெண்கள் உண்டு. அவர்களும் நிராதரவானவர்கள் அல்ல. இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கம்பெனியாக இருந்தால், விவாகரத்துக்குப் பின்னும் 36 மாதம் வரை அதே இன்ஷ்யூரன்ஸை முழுச் சந்தா கட்டித் தொடரலாம். ஆனால் 60 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சந்தையில் சேரவும் அப்போது புதிதாக 60 நாள் உண்டு. கணவர் பிரஜையாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருந்து கொடுமைப்படுத்தினால், அவருடைய தயவில்லாமல் மனைவி தானே கிரீன் கார்டுக்கு மனுச் செய்ய 1994-ம் வருஷத்துச் சட்டம் இடம் தருகிறது. அப்படிப்பட்டவள் வரிக் கணக்கைத் தனியாகக் கொடுத்தும் சர்க்கார் உதவியைப் பெறலாம்.

ஆகவே பெட்டி கட்டும்போது உங்கள் பெண்ணிடம் நாலு விஷயம் சொல்லி அனுப்புங்கள். இன்ஷ்யூரன்ஸ் கார்டு அவள் பெயரில், அவள் கைப்பையில் இருக்கட்டும். உறுதிப் பத்திரத்தின் நகல் ஒன்று அவளிடம் இருக்கட்டும். கல்யாணத் தேதியையும் இறங்கின தேதியையும் குறித்துக்கொண்டு, 30 நாளும் 60 நாளும் என்றைக்கு முடிகின்றன என்று காலண்டரில் வட்டமிடட்டும். இங்கே போட்ட தடுப்பூசி, சாப்பிடுகிற மருந்து பற்றிய டாக்டர் சீட்டுகளையும் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். மாப்பிள்ளை வீட்டார் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். நல்ல மாப்பிள்ளையாக இருந்தால், நீங்கள் கேட்பதற்கு முன்பே இதையெல்லாம் விசாரித்து வைத்திருப்பார்.