'ரிவர்ஸ்' என்னும் சொல்லும் நமது வங்கிக் கணக்கும்

வங்கிக் கிளைகளில் நாங்கள் அன்றாடம் கேட்கும் வினாக்களுள் ஒன்று: "ரிவர்ஸ் ஆகும் என்கிறீர்களே, எப்போது ஆகும்?" இதற்கு விடை காணுமுன் அச்சொல்லின் பொருளை அறிதல் நலம்.

'திரும்புதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது 'ரிவர்ஸ்'. வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துதல், வரிசையைத் தலைகீழாக்குதல், கீழமை நீதிமன்றத் தீர்ப்பை மேல் நீதிமன்றம் மாற்றுதல் ஆகிய அனைத்தையும் அது குறிக்கும். அதே வேரில் பிறந்த 'ரிவர்ட்', முன்னைய நிலைக்கு மீளுதலைச் சுட்டும். நம் நாட்டு அலுவலகக் கடிதங்களிலோ அது 'மறுமொழி தருதல்' என்றே வழங்குகிறது. ஆகவே, 'ரிவர்ட் செய்வோம்' என்று வங்கி எழுதினால் பதில் வரும் என்பதே பொருள். பணம் வரும் என்பதன்று.

கணக்கியலில் 'ரிவர்ஸ்' செய்தல் என்பது அழித்தல் அன்று. ரூ.2,000 தவறாகப் பற்று வைக்கப்பட்டிருப்பின், அதே தொகை எதிர்ப்பதிவாக வரவு வைக்கப்படும். இரண்டு வரிகளும் கணக்கு அறிக்கையில் நிலைத்திருக்கும். வரவு வரியைக் கண்ட பின்னரே பணம் மீண்டதாகக் கொள்ளுதல் வேண்டும்.

இதற்குக் கால வரம்பும் உண்டு. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிக்கப்பட்டிருந்தால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாள்களுக்குள் தொகை தானாகவே திரும்ப வேண்டும். யூ.பி.ஐ. வழி ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேராவிடில், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. இவை 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள்.

தவறான நபருக்கு நாமே அனுப்பிய பணம் இவ்வகையில் சேராது. அது தோல்வியுற்ற பரிவர்த்தனை அன்று, நிறைவேறிய ஒன்று. பெற்றவரின் இசைவின்றி வங்கி அதனை எடுத்துத் தர இயலாது. எனவே, அனுப்புமுன் திரையில் தோன்றும் பெயரைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

'ரிவர்ஸ் செய்து தருகிறோம், ரகசிய எண்ணைச் சொல்லுங்கள்' எனத் தொலைபேசியில் அழைப்போரிடம் எச்சரிக்கை தேவை. பணத்தைப் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் வேண்டியதில்லை. ஏமாற்றப்பட்டால் உடனே வங்கிக்கும் 1930 என்னும் உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். வங்கியில் அளித்த புகாருக்கு 30 நாள்களுக்குள் பதில் கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.