கிரைண்டரின் காப்பு மூடி

கிரில் பட்டறைகளிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் இரும்புக் குழாய் முதல் தரைக்கல் வரை எதையும் அறுத்துத் தள்ளும் ஆங்கிள் கிரைண்டரில், 4 அங்குல டிஸ்க் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 முறை சுழலும்போது, அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது என்ற விஷயத்தை, அந்த யந்திரத்தைத் தினந்தோறும் பிடித்து வேலை செய்யும் இளைஞர்கள் பலருக்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்த வேகத்தில் செல்லும் டிஸ்க், அறுபடும் இரும்பின் இடுக்கில் ஒரு கணம் இறுகிக்கொள்ளுமானால், சுழற்சியின் சக்தி முழுவதும் எதிர்த்துத் திரும்பி யந்திரத்தையே உதைத்துத் தள்ளுகிறது. கண் அதைக் கண்டு, கை விலக நினைப்பதற்குள் விபத்து நடந்து முடிந்துவிடுகிறது. அனுபவம் முதிர்ந்த கைகளும் இதற்கு விலக்கல்ல.

இதை அறிந்துதான் யந்திரத்தைச் செய்தவர்கள், டிஸ்க்கின் ஒரு பகுதியை மறைக்கும் காப்பு மூடியையும், இரண்டாவது கையால் ஸ்திரமாகப் பற்றுவதற்குப் பக்கவாட்டுப் பிடியையும் வைத்திருக்கிறார்கள். மூலையில் அறுக்க இடைஞ்சல் என்றும், சற்றே பெரிய டிஸ்க் மாட்டவேண்டும் என்றும் சொல்லி, அவற்றைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவது நம் பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. இதனினும் கொடியது, என் அபிப்பிராயத்தில், மரம் அறுக்கும் பல் வைத்த பிளேடை அதே கிரைண்டரில் மாட்டுவதுதான். ஏனெனில் பல் ஒவ்வொன்றும் மரத்தின் கணுவில் கடித்து நிற்க வல்லது. அப்போது எழும் உதைப்பைத் தாங்கும் விதத்தில் அந்த யந்திரம் அமைக்கப்பட்டதன்று.

ஸ்விட்சை அணைத்த பிறகும் டிஸ்க் சில விநாடிகள் சுழன்றுகொண்டிருக்கும் என்பதையும், பிளக்கைப் பிடுங்காமல் டிஸ்க் மாற்றலாகாது என்பதையும் புதிதாக வரும் பையனுக்கு முதல் நாளே கற்பிக்க வேண்டும். கையுறை எங்கும் நன்மையே செய்யும் என்று எண்ணுவதும் தவறு. மேஜையில் பொருத்திய டிரில்லிங் மெஷினில், சுழலும் முனை கையுறையின் நுனியைப் பற்றி விரலையும் சேர்த்து உள்ளே சுருட்டிவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு விரல் துண்டாகிவிட்டால், காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வைத்துத் தாமதமின்றி எடுத்துச் செல்ல வேண்டும். ஐஸ் கட்டியின்மேல் விரலை நேராக வைத்தால் சதை கெட்டுப் போகும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைச் சிகிச்சைத் துறையைப் போன்ற இடங்களில் விரலை மீண்டும் பொருத்தும் சிகிச்சை உண்டு. ஆயினும் பொருத்திய விரல் பழைய உணர்ச்சியையும் வலிமையையும் முற்றும் பெறுவது அரிது.

பட்டறை முதலாளிகளே, கழற்றி வைத்த மூடிகளைத் தேடி எடுத்து இன்றே மாட்டுங்கள். மூடியில்லாத கிரைண்டரை எந்தத் தொழிலாளியின் கையிலும் கொடாதீர்கள்.