பெரியப்பா கேட்ட ரிவால்வர்

பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததிலிருந்து, மயிலாப்பூரில் தனியாக இருக்கும் என் பெரியப்பாவுக்கு ஒரே கேள்வி. "ஏம்பா, நமக்குக் கட்டுப்படியாகிற விலையில சின்ன ரிவால்வர் ஏதாவது இருக்கா?" தேடிப் பார்த்தேன்.

நம் ஊரில் சட்டப்படி வாங்கக்கூடியவற்றில் தெரிந்த பெயர் கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். 2014-இல் வந்த 'நிர்பீக்' டைட்டானியக் கலவையில் செய்தது. எடை அரைக் கிலோ, ஆறு குண்டுகள். அறிமுக விலையே 1.22 லட்சம் ரூபாய். கைக்கு லேசு, பைக்கு இல்லை.

விலைக்கு முன்னாடி லைசென்ஸ் இருக்கிறது. சென்னையில் போலீஸ் கமிஷனரிடம் விண்ணப்பிக்க வேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் கொண்ட நீளத் துப்பாக்கிக்குத் தற்காப்பையே காரணமாக ஏற்கிறது. ரிவால்வருக்கோ 'தகுந்த காரணம்' காட்டி அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும். கிடைத்தாலும், தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது ராமாவரம் தோட்டம். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரை அவர் வீட்டிலேயே சுட்டது திருடன் அல்ல. பேச வந்த எம்.ஆர். ராதா. எம்.ஜி.ஆர். பிழைத்தார், குரல் பழையபடி திரும்பவில்லை. வீட்டுக்குள் துப்பாக்கி இருந்தால், அது யாரை நோக்கித் திரும்பும் என்பது நம் கையில் இல்லை.

பெரியப்பாவிடம் சொன்னேன்: நல்ல பூட்டு, வாசல் விளக்கு, போனில் 100.

"ராத்திரி சத்தம் கேட்டா பயமா இருக்குப்பா" என்றார். இப்போது தினமும் பத்து மணிக்கு நான் போன் பண்ணுகிறேன்.