தாகமும் உயிரும்: கொலராடோ ஆறு கற்பிக்கும் பாடம்

இறைவன் முதன்முதலாக ஆசி வழங்கியது யாருக்கு? மனிதனுக்கு என்றே நம்மில் பலர் விடையளிப்போம். ஆனால் தொடக்க நூலின் முதல் அதிகாரத்தைக் கூர்ந்து படித்தால், ஐந்தாம் நாளில் நீர்வாழ் உயிர்களும் பறவைகளுமே அந்த முதல் ஆசியைப் பெற்றன என்பதைக் காண்போம். மனிதன் அதற்கு அடுத்த நாளில்தான் வருகிறான்.

இதனை நாம் நினைவுகொள்ள இன்று தக்க காரணம் உண்டு. நகரங்கள் பெருகுகின்றன, ஆறுகள் பெருகுவதில்லை. குழாயடியில் குடத்தோடு காத்து நிற்கும் தாயிடம், ஆற்று மீனுக்கும் நீர் விட வேண்டும் என்று சொன்னால், அவள் நம்மை எவ்வாறு நோக்குவாள்? மக்களின் தாகம் தணிக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒன்றைக் காக்க மற்றொன்றை அழித்தே தீரவேண்டுமா? அமெரிக்க நாட்டின் கொலராடோ ஆற்றில் நிகழ்ந்தது இக்கேள்விக்கு ஒளி தருகின்றது.

மலையைக் குடைந்த நீர்

ராக்கி மலைத்தொடரில் பிறந்து அவ்வாறு மேற்கு நோக்கிப் பாய்கின்றது. கொலராடோ மாநிலத்தில் பனியும் மழையும் மிகுதியாக விழுவது மலையின் மேற்குச் சரிவில்; மக்கள் மிகுதியாக வாழ்வதோ கிழக்கே, டென்வர் முதலிய நகரங்களில். ஆகவே மலையைக் குடைந்து நீரைக் கொணர்ந்தனர். 1936-இல் மொஃபட் சுரங்கத்தின் வழியே நீர் வந்தது. 1960-களில் 23 மைல் நீளமுள்ள ராபர்ட்ஸ் சுரங்கமும் சேர்ந்தது.

பைக்மின்னோ, கூன்முதுகு சப், போனிடெயில், ரேசர்பேக் சக்கர் என்னும் நான்கு மீனினங்கள், உலகில் வேறெங்கும் இன்றி, இவ்வாற்றுப் படுகையில் மட்டுமே வாழ்ந்தன. பனியுருகி வரும் கலங்கல் வெள்ளத்துக்கும் கோடையின் மெலிந்த ஓட்டத்துக்கும் பழகியவை அவை. பைக்மின்னோ முன்னாளில் ஆறடி நீளம் வரை வளர்ந்ததாம். அணைகள் எழுந்தபின் வெள்ளம் அடங்கியது, வழி அடைபட்டது, அணையடியிலிருந்து வெளிவந்த நீர் குளிர்ந்துபோயிற்று.

நஞ்சிட்ட கைகள்

1962 செப்டம்பரில் நடந்தது இதனினும் கொடிது. கொலராடோவின் பெருங்கிளையாகிய கிரீன் ஆற்றில் ஃபிளேமிங் கார்ஜ் அணை மூடப்படுமுன், தூண்டிற்காரர் விரும்பும் டிரவுட் மீன்களைப் புதிய தேக்கத்தில் வளர்க்க எண்ணி, அரசுத் துறையினரே நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு ரோட்டினோன் என்னும் நஞ்சை ஆற்றில் கலந்தனர். ஆற்றின் சொந்த மீன்கள் வேண்டாதவை எனக் கருதப்பட்டன. முறிமருந்து இட்டும் அடங்காமல் அந்நஞ்சு கீழே பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளும் புகுந்தது. கண்டனங்கள் எழுந்தன, மனச்சான்றுகள் விழித்தன.

1973-இல் அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் அங்கே இயற்றப்பட்டது. அதன் விளைவாக, மத்திய அரசின் அனுமதி தேவைப்படும் புதிய குடிநீர்த் திட்டங்கள் இம்மீன்களின் பொருட்டுத் தடைபடக்கூடும் என்ற நிலை தோன்றியது. நகரத்தாரும் இயற்கை ஆர்வலரும் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் மோதியிருக்கலாம். அவர்களோ ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். 1988-இல் கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களும் மத்திய அரசும் உடன்பாடு செய்துகொண்டன. நீர்ப் பயனாளரும் இயற்கைக் காவலரும் அதில் பங்கேற்றனர். மீன்களை மீட்பது, அதேவேளையில் மக்களுக்கான நீர்த் திட்டங்களையும் தொடர்வது என்பதே நோக்கம்.

பகிர்ந்தளித்த பங்கு

பாலிசேட் என்னும் ஊரருகே 15 மைல் நீளமுள்ள ஆற்றுப்பகுதி, கால்வாய்கள் நீரை ஈர்ப்பதால் கோடையின் இறுதியில் மெலிந்துவிடும். அங்கே மீன்கள் பிழைக்க ஆண்டுதோறும் 10,825 ஏக்கர்-அடி நீர், நம் கணக்கில் ஏறத்தாழ அரை டி.எம்.சி., விடுவதென 1999-ஆம் ஆண்டின் ஏற்பாடு வகுத்தது. இதில் பாதி கிழக்கு நகரத்தார் பங்கு; மறுபாதி மேற்குச் சரிவினர் பங்கு. யாரும் முழுச்சுமையைத் தாங்கவில்லை. யாரும் கைகழுவவும் இல்லை. பனியுருகும் பருவத்தில் பல தேக்கங்களைச் சேர்ந்தோர் கலந்து பேசி, உரிய நாள்களில் ஒருங்கே நீர்விட்டு வெள்ளத்தைப் பெருக்கினர். தடுப்பணைகளில் மீன்கள் ஏறிச்செல்லப் படிகள் அமைத்தனர். அன்று நஞ்சிட்ட அரசே இன்று பண்ணைகளில் மீன்குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடுகின்றது. பாவத்தை அறிக்கையிடுவதோடு நில்லாமல் பரிகாரமும் செய்யவேண்டும் என்று நாம் மறைக்கல்வியில் கற்றதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டன்றோ!

பலன் முழுமையானது என்று நாம் சொல்லவில்லை. கூன்முதுகு சப் 2021-இல் மிகு ஆபத்துப் பட்டியலிலிருந்து ஒரு படி தேறியது. பைக்மின்னோ இன்னும் தளர்ந்தே உள்ளது. வெளியிலிருந்து கொணரப்பட்ட கொன்றுண்ணி மீன்கள் அதன் குஞ்சுகளை விழுங்குகின்றன. போனிடெயிலோ பண்ணை வளர்ப்பினால் மட்டுமே நிலைத்திருக்கின்றது. கெடுப்பதற்குச் சில நாள்கள் போதும்; திருத்துவதற்கு ஒரு தலைமுறையும் போதவில்லை.

நமது காவிரி

நம் காவிரிப் படுகைக்கே உரிய கூன்முதுகு மாசீர் மீனும் இத்தகைய இடரில் உள்ளது. 1946-இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மாசீர் ஒன்று தூண்டிலில் சிக்கியது. அம்மாபெரும் இனம் 2018-இல், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. பெங்களூரும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் பருகுவது அதே காவிரியின் நீரைத்தான்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடல், தூய குடிநீர் மனிதனின் அடிப்படை உரிமை என்கின்றது. பயன் கருதாமலே ஒவ்வோர் உயிருக்கும் தனி மதிப்புண்டு என்பதும் அதே மடலின் போதனையாகும். ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ள நமக்கு உரிமையில்லை. ஆற்றில் ஓடும் நீரெல்லாம் வீண் என்று பேசும் பழக்கத்தை முதலில் விடுவோம். குடிநீர்த் திட்டம் ஒன்று வகுக்கப்படும்போது, ஆற்றுக்கு எவ்வளவு மிஞ்சும் என்றும் கேட்போம். நம் இல்லத்தில் ஒழுகும் குழாயை இன்றே அடைப்போம். ஐந்தாம் நாளில் ஆசி பெற்ற உயிர்களுக்கு, ஆறாம் நாளில் வந்த நாம் செய்யவேண்டிய கடமை அங்கிருந்தே தொடங்கட்டும்.